ஒரு கரண்டி தழல்

என் சின்ன அண்ணி கடவுளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாள். ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தாளா என்றால், இல்லை. வீடு கட்டக் கொடுத்தவர்கள் மேஸ்திரி வந்தாரா, சுவர் எழும்பியதா என்று போய்ப் போய்ப் பார்ப்பார்களே, அப்படித் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் நடுவில் நின்று தட்டுச் சுமந்தவள் நான். யாருக்கு என்ன லாபமோ, எனக்கு இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம்.

எங்கள் வீடு மூன்று அடுக்கு. கீழே தையல்கடையும் பெரிய அண்ணன் குடும்பமும். நடுவில் ஒண்டிக்கட்டையாக நான். மேலே சின்ன அண்ணன் குடும்பம். அண்ணன்களில் ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், மற்றவர் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அவர்களை இந்தக் கதையில் தேட வேண்டாம். வீடே பற்றி எரிந்தாலும் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற ரகம் இருவரும். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் தோதான கண்ணாடி மாட்டிவிடத் தெரிந்த எனக்கு என் அண்ணிகள் கண்ணுக்கு மாட்டத் தெரியவில்லை.

கடையை நடத்துகிறவர்கள் அண்ணிகள்தான். தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்களுக்கு வெள்ளைக் கவுன் தைப்பது தொழில். பெரிய அண்ணி துணி வெட்டுவாள். அவள் வாயும் கத்திரிக்கோலும் ஒரே வேகத்தில் ஓடும், அதனால் நான் வைத்த பெயர் கத்திரி அண்ணி. சின்ன அண்ணி வெட்டித் தைத்த கவுனின் மேல் முத்தும் நூலும் வைத்துப் பூ வேலை செய்வாள். அவள் ஊசி அண்ணி. இரண்டு பேருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். தன் பெயர்தான் கௌரவமானது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று ஊர் சொல்லும். இவர்கள் நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒருத்தி பேச ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவள் முடிப்பாள். பார்த்துப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும்.

அப்புறம்தான் அந்தப் பெரிய கடை வந்தது. நகரின் நடுவில் மணப்பெண் உடைகளுக்கென்றே மாடி மாடியாக ஒரு கடை இருக்கிறது. அங்கே பூ வேலைப் பிரிவை நடத்த ஆள் தேடியிருக்கிறார்கள். ஊசி அண்ணியின் கவுன் ஒன்றை ஏதோ கல்யாணத்தில் பார்த்து, இது யார் கை என்று விசாரித்து, அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், சொன்னதைச் செய்ய நாலைந்து பெண்கள். எல்லாவற்றையும்விட ஒன்று: கவுனின் உள்பக்கத்தில், பூ வேலை செய்தவளின் பெயரைச் சின்ன எழுத்தில் தைத்துக் கொடுப்பார்களாம். அண்ணி அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் பூக்களைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பெண்கள் பீடத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள். ஒருத்திக்கும் அவள் பெயர் தெரியாது.

விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. அண்ணி முதலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஃபோனைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஏன் கூப்பிடவில்லை என்பது லேஸ் விற்க வருகிற ஆள் மூலம் தெரிந்தது. அவர் இரண்டு கடைக்கும் போகிறவர், நல்ல மனுஷர், வாய்தான் சல்லடை. ஒருநாள் கத்திரி அண்ணி இல்லாத நேரம் பார்த்து ஊசி அண்ணியிடம் மிகவும் அனுதாபமாக, கை நடுக்கம் இப்போது எப்படி இருக்கிறது, தன் மாமியாருக்கும் அப்படித்தான் வந்தது, ஒரு தைலம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். எந்தக் கை நடுக்கம் என்று இவள் கேட்க, விஷயம் முழுதும் கொட்டிவிட்டது. பெரிய கடைக்காரர்கள் எங்கள் கடைக்கு ஃபோன் செய்து விசாரித்திருக்கிறார்கள். எடுத்தவள் கத்திரி அண்ணி. வேலையில் தங்கம்தான், ஆனால் பாவம், கொஞ்ச நாளாகக் கை நடுங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஊசி அண்ணி என் அறைக்கு வந்து, வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கை கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் நின்றது. "நல்லாப் பாத்து சொல்லு, நடுங்குதா?" என்று கேட்டாள். குரல்தான் நடுங்கியது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விஷயம் தெரிந்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், நான் மேலே ஒப்படைத்துவிட்டேன் என்றாள். மேலே என்றால் எங்கள் வீட்டில் சின்ன அண்ணன். அவரிடம் சொன்னாளாக்கும், உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன். அவள் சொன்னது அதற்கும் மேலே.

அதற்குக் காரணம் எங்கள் போதகர். அவர் நிரந்தர ஜலதோஷக்காரர். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர் பழிவாங்குவதைப் பற்றிப் பேசியிருந்தார். பழி தீர்ப்பது நம் வேலை அல்ல, அது ஆண்டவருடைய வேலை, அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்றார். எதிரிக்குப் பசித்தால் சோறு போடுங்கள், தாகமெடுத்தால் தண்ணீர் கொடுங்கள், அப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவித்த மாதிரி என்றார். அந்த இடத்தில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, தொடர் தும்மல். அதெல்லாம் முடிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தழல் என்றால் சுடுவதற்கல்ல, நல்லது செய்யச் செய்ய அவனுக்கே வெட்கம் வந்து மனசு மாறுவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று நீளமாக விளக்கினார். நான் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊசி அண்ணி தும்மலோடு நின்றுவிட்டாள். அப்போது அவளுக்கு எதிரி என்று யாரும் இல்லை, எதற்கு மிச்சத்தைக் கேட்பது. இப்போது ஆள் கிடைத்ததும் தும்மலுக்கு முன்னால் கேட்டது மட்டும் பசுமையாக ஞாபகம் வந்தது.

"அண்ணி, அவர் வெட்கத்தத்தான் சொன்னாரு. யாரையும் சுடச் சொல்லல," என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"அது பாஸ்டரோட கருத்து. எழுதியிருக்கறது தழல்," என்றாள்.

முதல் தழல் ஒரு பழக் கேக். உலர்ந்த திராட்சையும் பாதாமும் போட்டு, வெண்ணெயை வாரி ஊற்றி, மூன்று மாடிக்கும் மணக்கிற மாதிரி செய்தாள். நேரில் போய்க் கொடுத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தட்டை என் கையில் கொடுத்தாள். மேல்மாடியிலிருந்து கீழே போகும் சாமான் என் மாடியைத் தாண்டித்தானே போக வேண்டும். ஒரு துண்டைச் சுங்கமாக எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு கேக்கை நான் அதற்குமுன் தின்றதில்லை. பாசத்தில் செய்ததெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

கத்திரி அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இவளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் பார்த்தாயா என்று என்னிடமே கேட்டாள். எனக்குப் புரையேறியது. மேலே போனால் ஊசி அண்ணி படியிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணா? தலையத் தொட்டுப் பாத்தாளா?"

"தலையத் தொடல. தட்ட வழிச்சு நக்கினா."

அண்ணிக்கு ஏமாற்றம்தான். ஆனால் தளரவில்லை. கேக்குக்குப் பிறகு வறுத்த ஆட்டுக்கறி போனது. வெண்ணெயில் புரட்டிய இறால் போனது. பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்பில் வைத்து மேலே பொன்னிறமாக எடுத்த ஒன்று போனது. கறியைக் கிண்டும்போதே உதடு அசையும். ஜெபம் என்று நினைத்துப் பக்கத்தில் போய்க் கேட்டேன். "இது ஒரு கரண்டி, இது இன்னொரு கரண்டி" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதோடு கீழ்வீட்டில் நடப்பதற்கெல்லாம் கணக்கு வைக்க ஆரம்பித்தாள். கத்திரி அண்ணி கால் கட்டைவிரலை மேஜைக்காலில் இடித்துக்கொண்டால், இவள் மேலே பார்த்துத் தலையை ஆட்டுவாள். தையல் மெஷினின் வார் அறுந்தால், ஆரம்பிச்சிட்டாரு என்பாள். ஒரு மழை நாளில் கத்திரி அண்ணியின் குடை காற்றில் புரண்டு அவள் தெப்பலாக நனைந்து வந்தபோது, இவள் முகத்தில் அப்படி ஒரு பக்தி. எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கடவுளை நம்பவில்லை, அடியாளாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று தட்டை அவளே கீழே கொண்டுபோனாள். எனக்குச் சுங்கம் போச்சு.

சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, உள்ளே சிரிப்பாக இல்லை. ஒருநாள் மத்தியானம் கடைக்குள் போனபோது ஊசி அண்ணி தனியாக இருந்தாள். முடிந்த கவுன் ஒன்றை மடியில் போட்டு, அதன் உள்பக்கத்தைத் திருப்பி, இடுப்புப் பட்டைக்குக் கீழே ஒரு வெற்று இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பெயர் வரவேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் புரிந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று மடித்து வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கத்திரி அண்ணியின் தலையில் ஒரு வாளித் தழலை நானே கொண்டுபோய்க் கொட்டலாம் போல இருந்தது.

அந்த வாரம்தான் கத்திரி அண்ணிக்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது.

முதலில் சாப்பிட்டதும் கொஞ்சம் தடவிக்கொள்வாள். பிறகு துணி வெட்டுகிறபோதே நிறுத்திவிட்டு நெஞ்சில் கைவைத்து நிற்பாள். நெஞ்செல்லாம் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறதம்மா என்று என்னிடம் சொன்னாள். நான் அதை அப்படியே மேலே போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஊசி அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"தலையிலதான் போட்டேன். நெஞ்சுக்கு எறங்கிடுச்சு போல," என்றாள். அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் சரிபாதியாக இருந்தன. மறுநாள் இறாலை இன்னும் அதிகமாக வாங்கினாள். அதனால் சந்தோஷம்தான் ஜெயித்தது என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஒரு மணப்பெண் அளவு பார்க்க வந்திருந்தாள். பாதி முடிந்த கவுனைப் போட்டுக்கொண்டு முக்காலிமேல் நின்றாள். ஊசி அண்ணி தரையில் மண்டியிட்டு, வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பாவாடைக் கரையை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று விடுமுறை, வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற கத்திரி அண்ணி பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அவள் பாதியில் நிறுத்துவது என்பதே வீட்டில் நடக்காத காரியம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

ஊசி அண்ணி "அக்கா" என்று கத்தினாள். குண்டூசிகள் நாலாபக்கமும் பறந்தன.

யாரிடம் வண்டி இருக்கிறது என்று பார்த்தால், அந்த மணப்பெண்ணிடம்தான் இருந்தது. அவள் உடை மாற்றக்கூட நிற்கவில்லை. ஒரு பக்கம் கை இல்லாத கவுனோடு, கரையெல்லாம் ஊசியோடு உட்கார்ந்து ஓட்டினாள். திருப்பத்துக்குத் திருப்பம் ஊசி குத்தி அவள் ஸ் என்றாள், பின்னால் கத்திரி அண்ணி ஆ என்றாள். மருத்துவமனை வாசலில் காவல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்.

கத்திரி அண்ணியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நடைபாதையில் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் ஊசி அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் வாபஸ் வாங்கணும்," என்றாள்.

"எத?"

"குடுத்தத. இவ்வளவு வேணும்னு நான் கேக்கல. நாலு பேர் முன்னாடி அவ கொஞ்சம் தலைகுனியணும், அவ்வளவுதான் கேட்டேன். சாகச் சொல்லல."

அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என்னிடம் இல்லை. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வேறு சமயமாக இருந்தால் நான் நகர்ந்திருப்பேன், அன்று நின்று கேட்டேன்.

"ஆண்டவரே, மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் பாக்கறேன், வாய் வரல. பொய் சொன்னா உங்களுக்குத் தெரியும். இன்னும் எரியுது எனக்கு. ஆனா அவ சாக வேண்டாம். அவ இல்லாத கடைக்குள்ள நான் எப்படிப் போவேன். அவளுக்கு என்ன செய்யணுமோ அத நீங்களே பாத்துச் செய்யுங்க. ஒண்ணுமே செய்யாட்டியும் சரி. நான் இனிமே எட்டிப் பாக்க மாட்டேன்."

கண்ணைத் திறந்து மூக்கை உறிஞ்சினாள். போதகர் அவ்வளவு தும்மி விளக்கியும் ஏறாதது அப்போது ஏறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒப்படைப்பது என்றால் கையை விட்டுவிடுவது. இத்தனை நாளும் அவள் கொடுத்த பொருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கத்திரி அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரி, படபடவென்று பேசினாள். இதயம் மணி மாதிரி இருக்கிறதாம், ஒரு கோளாறும் இல்லையாம், எல்லாம் வயிற்று அமிலமாம். ஒரு மாத்திரை தந்திருக்கிறேன், சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் போதும் என்றாள். அப்புறம், சமீபத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

கத்திரி அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. பேனாவை மூடிவிட்டு, இவ்வளவையும் சமைத்தது யார் என்று கேட்டாள்.

"இதோ, என் ஓரகத்தி," என்று கத்திரி அண்ணி பெருமையாகக் கையைக் காட்டினாள்.

டாக்டர் விளையாட்டாகத்தான் கேட்டாள். "உங்க மேல அவங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

நானும் ஊசி அண்ணியும் தரையைப் பார்த்தோம். கத்திரி அண்ணி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து மடித்தாள், பிரித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். டாக்டர் பயந்துபோய், மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

"கோபப்பட வேண்டியவதான். அவளுக்குத் தெரியாது," என்றாள் கத்திரி அண்ணி, என்னைப் பார்த்து. பிறகு ஊசி அண்ணியைப் பார்த்தாள். "அந்தப் பெரிய கடையிலேருந்து ஃபோன் வந்துச்சு. உனக்குக் கை நடுங்குதுன்னு சொல்லிட்டேன். நீ போயிட்டா நான் வெறும் திரைச்சீலை வெட்டறவதான், அந்த பயம். சொன்ன மறுநிமிஷமே நாக்க அறுத்துக்கலாம் போல இருந்துச்சு. அப்புறம் நீ கேக்கு அனுப்பின. கறி அனுப்பின. எறாலு அனுப்பின. அதெல்லாம் எறங்கிடுச்சு, இது மட்டும் எறங்கவே இல்ல. செத்துடுவேன்னு நெனச்சேன். சொல்லாம சாகக் கூடாதுன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஊசி அண்ணி.

"என்ன தெரியும்?"

"எல்லாம். கேக்கு செய்யறதுக்கு முன்னாடியே தெரியும்."

கத்திரி அண்ணி அழுகையை நிறுத்தினாள். மூளை வேலை செய்வது முகத்திலேயே தெரிந்தது. "அப்ப அந்தக் கேக்கு?"

"தழல்."

"கறி?"

"அதுவும் தழல்தான்."

"எறாலு?"

"அதுல ரெண்டு கரண்டி சேத்துப் போட்டேன்."

போதகர் தும்மிய அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திரி அண்ணியும் எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாய் கோணியது. மறுபடி அழப் போகிறாள் என்று பார்த்தால், சிரிப்பு. அடக்க அடக்க வயிறு குலுங்கிக் கட்டில் ஆடியது. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊசி அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க அக்கா. எனக்கு இன்னும் ஆறல," என்றாள்.

கத்திரி அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஊசி அண்ணி மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மேலே ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள், மேலே பார்த்தபடி.

பதில் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம், அதற்குத் தீர்ப்பு சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை. நானாக இருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். அவள் அட்டையைப் பத்திரமாகக் கத்திரி அண்ணியின் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினாள்.

கத்திரி அண்ணி என் ஃபோனை வாங்கினாள். பெரிய கடைக்குப் போட்டாள். பூ வேலைக்கு ஆள் எடுக்கிற அம்மாளைக் கேட்டு வாங்கி, நாங்கள் இருவரும் கேட்கும்படி சத்தமாக வைத்துக்கொண்டு பேசினாள். "அவளுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னது நான்தான். அது பொய். அவள விட மனசில்லாமச் சொன்னேன். என் கடையோட பேர நீங்க என்ன வேணா நெனச்சுக்குங்க," என்றாள். ஊசி அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ரத்தம் ஓடவில்லை. கடைசியில் அந்த அம்மாள் பேசினார். அந்த இடத்துக்கு வந்த பெண் நிலைக்கவில்லையாம். உங்களைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை, திங்கட்கிழமை அவளை ஊசியோடு வரச் சொல்லுங்கள், கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபின் ஊசி அண்ணி கீழ்வீட்டுக்கு எதுவும் சமைத்து அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன், என் வயிற்றுக்கும் சேர்த்துத்தான். இப்போது சமைத்தால் போடுவது பாசமா தழலா என்று தனக்கே தெரியாது என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் குளிர் அடித்தது.

திங்கட்கிழமை காலை ஊசி அண்ணி நல்ல உடை உடுத்தி, ஊசிப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நானும் வேலைக்குக் கிளம்பிப் பின்னாலேயே வந்தேன். கத்திரி அண்ணி கடைக்குள் தனியாக நின்றிருந்தாள். எதிரில் பூ வேலை இல்லாத வெறும் கவுன் ஒன்று தொங்கியது. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. எங்களைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடுவதுபோல பாவனை செய்தாள்.

ஊசி அண்ணி வாசலைத் தாண்டிவிட்டாள். பிறகு நின்று திரும்பி வந்தாள்.

"அக்கா, மத்தியானத்துக்கு எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுங்க."

கத்திரி அண்ணிக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "நானா? என் சமையல் உனக்குத் தெரியுமே."

"தெரியும். கட்டுங்க. நேரமாகுது."

விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஊசி அண்ணி கீழ்வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எதிரிக்குச் சோறு போடு என்றுதான் எழுதியிருக்கிறது. எதிரி கையால் வாங்கிச் சாப்பிடு என்று எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது இவளாகச் சேர்த்துக்கொண்டது. போடுவதைவிட அது எவ்வளவு கஷ்டம் என்று அவள் கழுத்து நரம்பைப் பார்த்தே சொல்லலாம். கத்திரி அண்ணி உள்ளே ஓடினாள். பாத்திரம் உருண்டது, எதுவோ கருகியது. ரொட்டியும் முட்டையும் வதக்கிய உருளைக்கிழங்கும் ஒரு டப்பாவில் வந்தன. ஊசி அண்ணி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள். கத்திரி அண்ணி தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இடது கண்ணுக்குப் போட வேண்டியதை வலது கண்ணுக்குப் போட்டதில் ஒரு பெரியவர் கதவில் முட்டிக்கொண்டார். சாயங்காலம் அவசரமாக வந்தால், கத்திரி அண்ணி கடை வாசலிலேயே நின்றாள். ஊசி அண்ணி தெருவில் வந்துகொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று அவள் முகமே சொல்லிவிட்டது. ஆனாலும் கத்திரி அண்ணி அதைக் கேட்கவில்லை. வேலை கிடைத்ததா, ஜன்னல் எப்படி இருக்கிறது, பெயரை எந்த நூலில் தைப்பார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாதவள்போல நின்றாள்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊசி அண்ணி பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கனமே இல்லை. கத்திரி அண்ணி திறந்து பார்த்தாள். ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை.

"கெழங்குல உப்பு கம்மி," என்றாள் ஊசி அண்ணி. "நாளைக்குச் சரியாப் போடுங்க."

அவள் படியேறிப் போய்விட்டாள். கத்திரி அண்ணி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்குன்னு சொன்னா," என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆமாம் அண்ணி, எனக்கும் கேட்டது என்றேன். அன்று அவள் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு உருளைக்கிழங்கு வாங்கப் போனாள்.